சிரிப்பு நீக்க விழா

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு யூனுஸ் வீட்டுக்கு வந்தபோது, மெஹராஜ் பேகம் செல்போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் மௌத்தாகி மண்ணுக்குள் போனதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் இதுதான் வழக்கம். யூனுஸ் தன் செருப்புக் கடையின் ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு வருவார். இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். 'டுமுக்கு' படத்தில் ஒரே ஒரு இடத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் மெஹராஜ் டம்ளரைக் கழுவப் போவாள், யூனுஸ் கடைக்குப் போவார். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

டுமுக்கு ஒரு நீர்நாய்க் குட்டி. காவிரியில் பிறந்து, இறக்கை முளைத்து, வாய்க்காலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கரும்பூதத்தை ஏமாற்றி வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும். நிஜத்தில் நீர்நாய் பறக்காது. வாய்க்காலை அடைக்கிறதும் பூதமல்ல, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போகட்டும், குழந்தைகள் படம். அதில் டுமுக்கு முதன்முதலாகப் பறக்கிற இடத்தில் ஒரு சிரிப்புச் சிரிக்கும். கலகலவென்று ஏறிக்கொண்டே போய், மூச்சு முட்டி, கடைசியில் 'இக்' என்று ஒரு விக்கல் விழும். விக்கல் விழுந்துவிட்டதே என்று மறுபடி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஹஃப்ஸாவுடையது. யூனுஸுக்கும் மெஹராஜுக்கும் இருந்த ஒரே பிள்ளையுடையது.

அன்றைக்கு டுமுக்கு ஆற்றில் முங்கியது, எழுந்தது, பறந்தது, வாயைத் திறந்து உறுமியது.

"என்னங்க, போனு கெட்டுப்போச்சா?" என்றாள் மெஹராஜ்.

யூனுஸ் திருப்பிப் போட்டார். மறுபடியும் உறுமல். கிணற்றுக்குள் யாரோ இரும்புக் கட்டிலை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். படமும் மங்கிப்போயிருந்தது. பச்சையாக இருந்த வயல் சாம்பலாக இருந்தது. மெஹராஜ் போனைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி வைத்தாள். உறுமியது. அவள் டீயைக் குடிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு படத்துக்குள் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பாமணி ஆற்றில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் கால் வைத்தவர்கள் எல்லாம் முழங்கால் வரை உள்ளே போனார்கள். உடனே மன்னார்குடி தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் யூனுஸ் கடைக்கு ரப்பர் பூட்ஸ் வாங்க வந்தார்கள். இயக்குநர் சபரிநாதன் அப்போது மெலிந்த உடம்பும் கிழிந்த பையுமாக இருந்தார். பேசிக்கொண்டே பூட்ஸை இடது வலது மாற்றி மாட்டி, எழுந்து ஒரு அடி வைத்தார். அடுத்த அடி வைப்பதற்குள் அட்டைப்பெட்டி அடுக்கு மேல் சரிந்து, இரண்டு காலும் மேலே நிற்க, தலை பெட்டிகளுக்குள் போய்விட்டது. கல்லா ஓரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஹஃப்ஸா சிரித்தாள். ஒலிப்பதிவு செய்கிறவர் தோளில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்குள்ளிருந்தே சபரிநாதன், "இதாண்டா! டுமுக்குச் சிரிப்பு இதாண்டா!" என்று கத்தினார். நல்ல மனுஷன், அப்போது.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. ஹஃப்ஸா பள்ளிக்கூடத்தில் ராணியாக நடந்தாள். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அவள் பேசவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கும் சொல்ல வரவில்லை.

வேறு வீடியோவே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஹஃப்ஸா ஆடுவாள், ஓதுவாள், பெருநாள் சட்டையைக் காட்டுவாள். ஆனால் போனை நீட்டினால் அவளுக்கு வெட்கம் வந்துவிடும். "அத்தா, எடுக்காதீங்க" என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். சிரிப்பு உள்ளேயே நின்றுவிடும். அவள் அறியாமல், யாரும் கேட்காமல், அது வெளியில் வந்து அகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பக்கத்துச் செல்போன் கடை ஃபாஜில் இரண்டு நாள் தேடினான். திருட்டுத்தனமாகத் தியேட்டரில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் அந்த இடம் வந்ததும் தியேட்டரில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சிரித்ததில் ஹஃப்ஸாவின் சிரிப்பு அமுங்கிப்போயிருந்தது. ரிங்டோன் தேடினான். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ அதேபோல் சிரித்துக் காட்டியது கிடைத்தது. மெஹராஜ் ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டாள். "இது இல்ல தம்பி. இதுல விக்கலு பொய்யி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"மாமா, கம்பெனிக்காரன் எல்லா இடத்துலயும் மாத்திட்டான். ரெண்டாம் பாகம் வருதுல்ல, அதுக்குத் தோதா" என்றான் ஃபாஜில்.

யூனுஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். 'பொன்னிக் கனவுக்கூடம்' என்று அதற்குப் பெயர். எடுத்த உடனே ஒரு பெண் குரல், கதறி அழுவதற்கு முந்தைய நிலையில், "வணக்கம். நாங்கள் வளர்ந்துவிட்டோம். நீங்கள்?" என்று கேட்டது. "நான் மன்னார்குடி" என்றார். இருளுக்கு ஒன்றை அழுத்தவும், கடும் இருளுக்கு இரண்டை அழுத்தவும் என்றது குரல். மனிதரோடு பேச எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. எதையோ அழுத்தி, எப்படியோ ஒரு பையன் கிடைத்தான்.

"சார், முதல் பாகத்துல சிரிப்பே கிடையாது சார். எப்பவுமே உறுமல்தான். நீங்க தப்பா ஞாபகம் வச்சிருக்கீங்க."

"தம்பி, அது எம் பொண்ணு சிரிப்புங்க."

"உங்க ஞாபகம் பழைய பதிப்பு சார். புதுசா அப்டேட் பண்ணிக்கங்க" என்று வைத்துவிட்டான்.

ஒரு மனுஷனுடைய மகளை இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? யூனுஸ் மறுநாள் காலை தஞ்சாவூர் பஸ் ஏறினார். இரண்டாம் பாகம் எடுக்கிற கூட்டம் முழுக்க அங்கேதான் ஒரு ஓட்டலை வளைத்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. மெஹராஜ் வாசல் வரை வந்தாள். "சண்டை போடாதீங்க. நமக்கு அந்தச் சிரிப்பு மட்டும் போதும்னு கேளுங்க. ஒரு காப்பி" என்றாள்.

வடுவூர் தாண்டி பஸ் நின்றது. முன்னால் நாலைந்து வேன்கள். சம்பா நாற்றங்கால் ஒன்றின் மேல் ஆட்கள் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். நாற்றங்காலுக்குச் சொந்தக்காரர் வீரையன் வரப்பில் நின்று காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தார்.

"நாத்து மூச்சு முட்டிச் செத்துரும்யா! என்னய்யா வேணும் ஒங்களுக்கு?"

"பச்சை ரொம்பக் குழந்தைத்தனமா இருக்குங்க" என்றான் கறுப்புச் சட்டை போட்ட ஒருவன், பணிவாகவே. "டைரக்டர் முதிர்ச்சியான வயல் கேக்கறாரு."

"முதிர்ச்சின்னா தையில வாய்யா! கதிரு முத்தி நிக்கும், வந்து பாரு!"

"அது மஞ்சளாயிருமேங்க" என்றான் அவன் வருத்தத்தோடு.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யூனுஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிரையே இப்படி மூடுகிறவர்களிடம் போய்ப் பிள்ளை சிரிப்பைக் கேட்கப்போகிறோமே என்று இருந்தது.

ஓட்டலில் காலை பத்து மணிக்கு எல்லாத் திரைச்சீலையையும் இழுத்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன விளக்கை மட்டும் போட்டிருந்தார்கள். நடமாடினவர்கள் எல்லோரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள், முட்டிய பிறகு மன்னிப்புக் கேட்காமல் ஆழமாகப் பார்த்துக்கொண்டார்கள். சுவரில், 'இந்த வளாகத்தில் புன்னகைப்பதைத் தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தது. டீ கொண்டுவந்தவன் கூடப் பால் ஊற்றாமல்தான் கொண்டுவந்தான்.

பிரதீபா என்ற அம்மாள் வந்தார். முதிர்ச்சித் துறையின் தலைமை அதிகாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். இருட்டில் முகம் தெரியவில்லை, செருப்பு தெரிந்தது. முன்பாதத்தைக் கடிக்கிற செருப்பு. இந்த அம்மா நாளெல்லாம் வலியோடுதான் நிற்கிறார் என்று யூனுஸுக்குப் பாவமாக இருந்தது.

"முதல் பாகத்தைப் பார்த்த குழந்தைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள், சார்" என்றார் பிரதீபா. பேச்சு மேடைப்பேச்சாகவே வந்தது. "அவர்களோடு சேர்ந்து டுமுக்கும் வளர வேண்டும் அல்லவா? இரண்டாம் பாகத்தில் டுமுக்குக்கு ஒரு கண் இல்லை. குடிக்கிறது. அம்மா நீர்நாயை அதுவே கொன்றுவிடுகிறது, ஏன் என்று மூன்றாம் பாகத்தில் யோசிப்போம். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கேட்டிருக்கிறோம். போன வாரம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். குழந்தைகளும் பார்க்கலாம் போலிருக்கிறது என்று எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள். அதனால் இன்னும் இரண்டு பேரைக் கொன்றிருக்கிறோம்."

"சரிங்க" என்றார் யூனுஸ். "அந்தப் பழைய சிரிப்பு..."

"அதுதான் எங்கள் பெரிய தலைவலி. இரண்டாம் பாகத்தில் இவ்வளவு துக்கப்படுகிற பிராணி முதல் பாகத்தில் எப்படிச் சிரித்திருக்கும்? தர்க்கம் இடிக்கிறது. ஆகவே பின்னோக்கிப் போய்த் திருத்தினோம்."

"சிரிச்ச புள்ளைக்குத்தானங்க பின்னாடி துக்கம் வருது" என்றார் யூனுஸ். விவாதம் பண்ண வரவில்லை அவர். தெரிந்ததைச் சொன்னார்.

பிரதீபா வலிக்கிற காலை மாற்றி நின்றார். பிறகு, "நீங்கள் வந்த விஷயம்?" என்று கேட்டார்.

யூனுஸ் சொன்னார். கடை, பூட்ஸ், சிரிப்பு, காய்ச்சல், வெள்ளிக்கிழமை, எல்லாம். ஐயோ, தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது இருட்டில் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் நாலு பக்கமிருந்தும் கைதட்டல்.

"நிஜத் துக்கம்!" என்றது ஒரு குரல்.

"ஆறு மாசமா இதைத்தானே தேடிட்டிருக்கோம்!" என்றது இன்னொன்று.

பிரதீபா யூனுஸின் கையைப் பிடித்துக்கொண்டார். புன்னகைக்கக் கூடாது என்பதால் மூக்கு விடைத்தது. "சார், வர ஞாயிற்றுக்கிழமை இங்கே தஞ்சாவூரிலேயே விழா வைக்கிறோம். சிரிப்பு நீக்க விழா. உலகத்தில் மிச்சமிருக்கும் அசல் ஒலியை மேடையில் கடைசி முறையாக ஒலிக்கவிட்டு, எல்லார் முன்னாலும் இயக்குநர் பொத்தானை அமுக்கி அழித்துவிடுவார். அப்போது நீங்கள் மேடையில் நின்று அழ வேண்டும். அவ்வளவுதான்."

"அழிச்சிடுவீங்களா?"

"அழிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருப்போம். அழுது முடித்ததும் கையில் கொடுத்துவிடுவோம். கம்பெனி வாக்கு."

"இப்பவே குடுத்துட்டீங்கன்னா, நான் ஞாயித்துக்கிழமை வந்து அழுதுட்டுப் போயிடறேங்க."

"முன்னாலேயே கொடுத்தால் உங்களுக்குச் சந்தோஷம் வந்துவிடும் சார். அது ஆபத்து."

யூனுஸ் ஒத்துக்கொண்டார். கேவலம் என்று அவருக்குத் தெரியும். மகளைச் சொல்லி மேடையில் அழுவதா? ஆனால் வீட்டில் ஒருத்தி சீனி டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகைதானே, அது எப்படியும் வரத்தான் போகிறது, யாருக்கு முன்னால் வந்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வராமல் போனதுதான் கூத்து. விழாவுக்கு முதல் நாள் ஒத்திகைக்கு அழைத்திருந்தார்கள். சோகப் பயிற்சியாளர் என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு, அந்த வெக்கையிலும்.

"எங்க, அழுங்க பாப்போம்."

யூனுஸ் முயற்சி செய்தார். அழுகை வரவில்லை. ஹஃப்ஸாவை நினைத்தார். அப்போதும் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போகட்டும் என்று நிமிர்ந்தபோது பொலபொலவென்று வந்தது. மூக்கைச் சிந்தினார்.

"கட், கட். இது குடும்ப அழுகை சார்" என்றார் பயிற்சியாளர். "இது சாவு வீட்டுல அழறது. நமக்குத் தேவை முதிர்ந்த அழுகை. மூக்கு வரக்கூடாது. வாய் கோணக்கூடாது. தோள் குலுங்கினா அது போன தலைமுறை. ஒரே ஒரு கண்ணுல, ஒரே ஒரு சொட்டு. அது பாதிக் கன்னத்துல நிக்கணும்."

"நிக்குமாங்க?"

"பழகினா நிக்கும்."

சாயங்காலம் வரை பழகினார். பாவம், ஒற்றைக் கண்ணால் அழத் தெரியாத மனுஷன். பையன்கள் இருவர் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள். கன்னத்தில் பவுடர் தடவிப் பார்த்தார்கள். மெஹராஜ் போனில், "குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றார் யூனுஸ். என்ன பழகிக்கொண்டிருக்கிறார் என்று அவளிடம் சொல்லவில்லை.

விழா மண்டபம் பெரிய கோயிலுக்குப் போகிற சாலையில் இருந்தது. வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். படத்தின் ரகசியம் வெளியே போகக் கூடாதாம். உள்ளே ரசிகர்கள் நிறைந்திருந்தார்கள். முதல் பாகத்துக்கு நீர்நாய்க் காது மாட்டிக்கொண்டு வந்த அதே பிள்ளைகள்தான், இப்போது மீசை முளைக்கப்போகிற வயசு. அவர்களுக்குத் தம்பி தங்கைகளும் கூட வந்திருந்தார்கள். வாசலில் அந்தச் சின்னதுகளுக்கு ஆளுக்கொரு கறுப்புத் துண்டு கொடுத்து, இரண்டாம் பாகத்துப் படத்துணுக்கு ஓடும்போது கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

படத்துணுக்கு ஓடியது. திரை முழுக்க இருட்டு. நடுவில் ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம் அதிக இருட்டு. யாரோ மூச்சு விட்டார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பின் வரிசையில் ஒரு ஆள், "ஏப்பா, கரண்டு போச்சா?" என்று கேட்டார். முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கறுப்புத் துண்டு கட்டியிருந்த பிள்ளைகளுக்கும் கட்டாதவர்களுக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

யூனுஸை மேடையில் ஒரு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். இடது கண்ணுக்கு மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். எதிர்ப்பக்கத்திலிருந்து சபரிநாதன் வந்தார். ஆள் பெருத்துவிட்டார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு. காலில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு பூட்ஸ். யூனுஸின் கண் பழக்கத்தில் காலுக்குத்தான் போனது. இடது பூட்ஸ் வலது காலில் இருந்தது.

உடை மாற்றுகிற அறையிலும் விளக்கு போட்டிருக்க மாட்டார்கள் என்று யூனுஸுக்குப் புரிந்தது. "சார்" என்றார் மெதுவாக. "சார், பூட்ஸு கால் மாறியிருக்குங்க."

"துக்கம் பேசக்கூடாது" என்று பின்னாலிருந்து பிரதீபா கிசுகிசுத்தார்.

சபரிநாதன் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே! சிரிப்பு ஒரு நோய். அந்த நோயை இந்த நாட்டுக் குழந்தைகளுக்குப் பரப்பியவன் நான். அதற்காக இன்று தலைகுனிகிறேன். உங்களுக்குத் தெரியுமா, முதல் பாகம் வந்த பிறகு நான் எங்கே போனாலும் அந்தச் சிரிப்பைப் போட்டார்கள். விருது வாங்கப் போனேன், போட்டார்கள். என் கல்யாணத்தில் தாலி எடுத்தேன், போட்டார்கள். பெரிய பெரிய மேதைகளுக்கு நடுவில் உலகத் துயரம் பற்றிப் பேச எழுந்தேன், யாரோ ஒருவனுடைய போன் அடித்தது. அந்தச் சிரிப்பு! அது எதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் என் கால் மேலே நிற்கிறது, தலை அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கலைஞன் எத்தனை நாள்தான் இதைத் தாங்குவான்?"

அவர் சொன்னதன் பொருள் கூட்டத்துக்கு விளங்கவில்லை. ஆழமானது என்று நினைத்துக் கைதட்டினார்கள். யூனுஸுக்கு விளங்கியது. அட, இவ்வளவுதானா! வயலை மூடியதும், வானத்தைச் சாம்பலாக்கியதும், அம்மா நீர்நாயைக் கொன்றதும் இதற்குத்தானா! ஒரு பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டதைத் தாங்க முடியாமலா இத்தனை பெரிய இருட்டு?

"இதோ, கடைசி முறையாக!" என்று சபரிநாதன் கை காட்டினார்.

ஹஃப்ஸா சிரித்தாள்.

நாலு பக்கமும் பெரிய பெரிய ஸ்பீக்கர்கள். செல்போனில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. மூச்சு இழுக்கிறது கேட்டது. உட்கார்ந்திருந்த மர ஸ்டூல் ஆடுகிற சத்தம் கேட்டது. பென்சில் கீழே விழுவது கேட்டது. மண்டபம் முழுக்க அவள் இருந்தாள். சபரிநாதன் முகத்தை இறுக்கிக்கொண்டு, பொத்தான் வைத்திருந்த மேசையை நோக்கி ஒரு அடி வைத்தார். அடுத்த அடி வைக்கவில்லை. பூட்ஸும் பூட்ஸும் பின்னிக்கொண்டன. மேடையில் அடுக்கியிருந்த கறுப்பு அட்டைக் கோபுரம் ஒன்றின் மேல் போய்ச் சரிந்தார். இரண்டு காலும் மேலே நின்றன. அதே நேரத்தில் ஹஃப்ஸாவுக்கு விக்கல் விழுந்தது. 'இக்'. அப்புறம் அந்த இரண்டாவது சிரிப்பு.

இன்னும் கண் கட்டியிருந்த பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது, காதில் கேட்டதற்குச் சிரித்தார்கள். அப்புறம் மீசை முளைக்கப்போகிறவர்கள். அப்புறம் பெற்றவர்கள், டீ கொடுப்பவர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள். மாசக்கணக்கில் அடக்கிவைத்திருந்தது எல்லாருக்கும் பீறிட்டு வந்தது. சோகப் பயிற்சியாளர் கம்பளித் துணியை வாயில் திணித்துக்கொண்டார். யூனுஸும் சிரித்தார். மகள் போனபிறகு முதல்முறையாக, வயிறு குலுங்க, வாய் கோண, மூக்கு ஒழுக, இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழியச் சிரித்தார். அன்றைக்குக் கடையிலும் அவர் இப்படித்தான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹஃப்ஸா அவர் கையைப் பிடித்து, "அத்தா, சிரிக்காதீங்கத்தா, பாவம்த்தா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

விழுந்த இடத்திலிருந்தே சபரிநாதன் கையை நீட்டித் துழாவிப் பொத்தானைக் கண்டுபிடித்தார். அமுக்கினார். சிரிப்பு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மண்டபமும் அடங்கியது. கடைசியாக யூனுஸ் ஒருவருடைய சத்தம் மட்டும் கேட்டது. அவர் அப்போது சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியாது.

மேடைக்குப் பின்னால் பிரதீபாவிடம் போனார். "அம்மா, அந்தக் காப்பி."

பிரதீபா அவரைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்ததில் மை கலைந்திருந்தது. "நீங்கள் அழுதால்தான் பிரதி என்று பேச்சு. நீங்கள் சிரித்துவிட்டீர்கள்."

"நீங்களுந்தானம்மா சிரிச்சீங்க."

"அதற்கு எனக்குத் தண்டனை இருக்கிறது." அவருடைய குரல் தாழ்ந்தது. "டைரக்டர் உங்கள் பிரதியையும் கையோடு அழிக்கச் சொல்லிவிட்டார் சார். என் கண் முன்னால்தான் அழித்தார்கள். உங்கள் துக்கம் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லச் சொன்னார்."

"ஒரு புள்ளையோட சிரிப்புங்க" என்றார் யூனுஸ். முத்திரை வைத்த பையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வடுவூருக்கு முன்னால் அந்த நாற்றங்கால் வந்தது. கறுப்பு விரிப்பை எடுத்திருந்தார்கள். கீழே நாற்று வெளுத்துச் சாய்ந்து கிடந்தது.

மெஹராஜ் பேகம் டீ போட்டு வைத்திருந்தாள். சீனி டப்பாவைத் துடைத்து எடுத்து வைத்திருந்தாள், போனைச் சாய்த்து வைக்கத் தோதாக. யூனுஸ் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினதைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"குடுக்கலியா?"

"குடுக்கல. அழிச்சுட்டாங்க மெஹராஜு." கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எம்மேலதான் தப்பு. அழுன்னாங்க, நான் சிரிச்சுட்டேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொட்டு மருந்தைக் கூடச் சொன்னார். மெஹராஜ் திட்டவில்லை. அவர் சொல்லி முடித்ததும், "கேட்டீங்களா? நல்லாக் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஸ்டூலு ஆடுறது கூடக் கேட்டுச்சு. பென்சிலு விழுந்துச்சு பாரு, அது கூட."

"எனக்குச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

யூனுஸ் யோசித்தார். இதை எப்படிச் சொல்வது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிரித்துக் காட்டினார். தடித்த ஆண் குரலில் அது அபத்தமாக இருந்தது.

"அப்படி இல்ல" என்றாள் மெஹராஜ் உடனே. "மொதல்ல மெல்லமாத் தொடங்குவா. வாயத் தொறக்க மாட்டா. அப்பறந்தான் ஏறும்." அவள் செய்து காட்டினாள்.

"ஏறுறது அவ்வளவு வேகமா இல்ல. இடையில ஒரு மூச்சு வாங்குவா."

"எங்க, நீங்க பண்ணுங்க."

அவர் செய்தார். அவள் திருத்தினாள். அவள் செய்தாள், அவர் திருத்தினார். பக்கத்து வீட்டில் ராசம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளை போன வீட்டில் இது என்ன சிரிப்பு என்று மறுபடி சாத்திக்கொண்டாள். கலகல என்கிறது ஓரளவுக்கு இரண்டு பேருக்கும் வந்தது. விக்கல்தான் வரவில்லை. யூனுஸ் 'இக்' என்றார். மெஹராஜ் தலையை ஆட்டினாள். அவள் 'இக்' என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். திரும்பத் திரும்பச் செய்தார்கள். எல்லாம் பொய் விக்கல். ஃபாஜில் கொண்டுவந்த ரிங்டோன்கள் மாதிரி.

"எனக்கு வரல" என்றாள் மெஹராஜ். "பெத்தவ எனக்கே வரலியே. எனக்கே மறந்துபோச்சே." முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். முதிர்ந்த அழுகை அல்ல. வாய் கோணி, தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, மூச்சு முட்டி அழுதாள். யூனுஸ் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் வந்தது.

அழுகையின் நடுவில் மெஹராஜுக்கு ஒரு விக்கல் விழுந்தது.

இரண்டு பேருக்கும் அழுகை அப்படியே நின்றுவிட்டது. யூனுஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைக்காமல், வாயைத் திறந்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதேதான்" என்றார் யூனுஸ்.